அப்பாவின் புத்தகத்தைப் புகழ்ந்து வரும் மின்னஞ்சலுக்குக் காசு கட்டலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து வந்த கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். முத்தையன்கட்டில் காடு வெட்டிக் குடியேறிய முதல் குடும்பங்களின் கதையை எழுதி, கிளிநொச்சியில் 300 பிரதி அடித்து, பள்ளிக்கூட மண்டபத்தில் வெளியீடும் வைத்தார்கள். இலண்டனில் இருக்கும் அண்ணா அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அமேசன் கிண்டிலில் மின்னூலாக ஏற்றினார். அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கடிதங்கள் வந்து குவிகின்றன. ஒன்று, 2,000 பேர் கொண்ட வாசகர் வட்டமாம். அப்பாவின் நூலை இந்த மாத நூலாக எடுக்க 185 டொலர் கேட்கிறது. இன்னொன்று ஹொலிவூட் படம் பற்றிப் பேசுகிறது. மூன்றாவது தமிழ்நாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தது: விருது, சான்றிதழ், பொன்னாடை, 3,500 இந்திய ரூபா. அப்பா முதலாவதற்குக் கட்டத் தயாராகிவிட்டார். "வாசிக்காத ஆள் இப்படி எழுத ஏலாது" என்பது அவருடைய வாதம். மகள் கேட்கிறார்: இது உண்மையா, அப்பாவிடம் என்ன சொல்வது?

மூன்றுக்கும் கட்ட வேண்டாம் தங்கச்சி. ஆனால் அப்பாவின் வாதத்தை அப்படியே தட்டிவிடவும் வேண்டாம். அதற்குப் பதில் சொல்லாமல் "இது கள்ளக் கடிதம்" என்று மட்டும் சொன்னால் அவர் நம்பமாட்டார். உங்களுக்குத் தெரியாமல் கட்டியும்விடலாம். புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இப்படியான கடிதங்கள் என் மேசைக்கும் வந்து சேரும். ஓய்வுபெற்ற அதிபர், கிராம அலுவலர், ஒருமுறை ஒரு ஐயர் என்று பலர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் படித்தவர்கள், நாலும் தெரிந்தவர்கள். ஆகவே இதில் ஏமாறுவதற்கும் படிப்பறிவுக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் அனுப்பிய கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். எரித்த காட்டுச் சாம்பலில் முதல் குரக்கன் முளைத்து வரும் காட்சி தன்னை உறங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறார். யானை வந்த இரவில் பரணில் இருந்த தாயின் மௌனத்தைப் பற்றி ஒரு பந்தி. "உங்கள் நூல் நிலத்தைப் பற்றியதல்ல, நினைவைப் பற்றியது" என்று ஒரு வரி. பிறகு இத்தனை அருமையான நூலுக்கு அமேசனில் மூன்றே மூன்று விமர்சனம் இருப்பது தனக்கு வலிக்கிறது என்கிறார். கடைசியில்தான் வாசகர் வட்டம் வருகிறது. அதிலும் விலை இல்லை. அப்பா பதில் போட்ட பிறகு, இரண்டாவது கடிதத்தில்தான் 185 டொலர் தலைகாட்டுகிறது.

இப்போது அண்ணா ஏற்றிய அமேசன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். குரக்கனும் சாம்பலும் நூல் அறிமுகக் குறிப்பில் இருக்கின்றன. யானையும் பரணும் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய மாதிரிப் பக்கங்களில், முதல் அத்தியாயத்திலேயே வருகின்றன. அதற்கு அப்பால் கடிதத்தில் எதுவும் இல்லை. கிணறு வெட்டிய அத்தியாயம், முதற் பள்ளிக்கூடம், இடம்பெயர்வு, திரும்பி வந்தது என்று நூலின் முக்கால் பங்கைப் பற்றி மூச்சே இல்லை. அறிமுகக் குறிப்பையும் பத்துப் பக்கத்தையும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு "இதைப் பாராட்டி உருக்கமாக ஒரு கடிதம்" என்றால் ஒரு நிமிடத்தில் இப்படி ஒன்று வந்து விழும். முன்பெல்லாம் இத்தகைய கடிதங்கள் பிழை மலிந்த ஆங்கிலத்தில், "அன்புள்ள ஆசிரியரே" என்று பொதுவாக வரும். படித்தவர் சிரித்துவிட்டு அழித்துவிடுவார். 2025 அளவில் நிலைமை தலைகீழானது. இப்போது வருவது நல்ல ஆங்கிலம், புத்தகத்தின் பெயர், கதாபாத்திரத்தின் பெயர் எல்லாம் போட்டு. ஆகவே "வாசிக்காத ஆள் இப்படி எழுத ஏலாது" என்பது சில ஆண்டுகளுக்கு முன்புவரை நியாயமான வாதம். இப்போது செல்லாது.

இதை அப்பாவுக்கு நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது. அண்ணாவின் அமேசன் வெளியீட்டுக் கணக்கில் விற்பனை அறிக்கை என்று ஒரு பக்கம் உண்டு. எந்த நாளில் எத்தனை பிரதி விற்றது, எந்த நாட்டுச் சந்தையில் விற்றது, கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா வாசிப்புத் திட்டத்தில் சேர்த்திருந்தால் எத்தனை பக்கம் வாசிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் தெரியும். கடிதம் வந்த திகதிக்கு முந்திய ஒரு மாதத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பனை பூச்சியம், இலவசப் பதிவிறக்கம் பூச்சியம், வாசித்த பக்கம் பூச்சியம் என்றால், "மூன்று இரவு தூங்காமல் வாசித்தேன்" என்றவர் எந்தப் பிரதியை வாசித்தார்? அப்பாவோடு பக்கத்தில் இருந்து அந்தத் திரையைக் காட்டுங்கள். நீங்கள் அரை மணித்தியாலம் விளக்கம் சொல்வதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

அந்த வாசகர் வட்டம் பற்றி: அப்படியொரு வட்டம் உண்மையிலேயே இருக்கக்கூடும். தேடினால் பெயர், படம், உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் வரும். அதனால்தான் பலர் நம்புகிறார்கள். உண்மையான வட்டங்களின் பெயரை எடுத்துக்கொண்டு வேறு யாரோ கடிதம் எழுதுவது இப்போது வழக்கமான வேலை. சில நேரம் உலகறிந்த நாவலாசிரியரின் பெயரிலேயே கடிதம் வரும். கடிதத்தில் தந்த முகவரிக்கு எழுதிச் சரிபார்ப்பதில் பயனில்லை, பதில் தருவது அதே ஆள்தான். வட்டத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து கேட்க வேண்டும். எப்படியும், புத்தகம் வாசிக்கிற வட்டம் எழுத்தாளரிடம் காசு வாங்குவதில்லை. அவர்கள்தான் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள். நம்முடைய ஊரில் வாசிகசாலை நடத்தியவர்கள் எந்த எழுத்தாளரிடமாவது "உம்முடைய புத்தகத்தை மேசையில் வைக்க இவ்வளவு தாரும்" என்று கேட்டதுண்டா?

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இந்த ஏமாற்று பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஒரு விதி சொல்வார்கள். ஜேம்ஸ் டி. மக்டொனால்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சொன்னது அது: காசு எப்போதும் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். எழுத்தாளரிடமிருந்து காசு போகிறதென்றால் எங்கோ பிழை. நல்ல விதிதான். ஆனால் அதை வன்னிக்குக் கொண்டுவந்தால் ஒரு புத்தகமும் தேறாது. இங்கே அச்சடிப்பது பெரும்பாலும் எழுதியவரின் காசில், அல்லது கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகளின் காசில். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரிலிருந்து கவிதைத் தொகுதிவரை அதுதான் வழக்கம். தட்டச்சுக்குக் கொடுக்கிறோம், அட்டைக்குக் கொடுக்கிறோம், அச்சகத்துக்கு முற்பணம் கட்டுகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பழக்கம்தான் 185 டொலர் கேட்பவனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. "அச்சுக்கு இவ்வளவு கட்டினோம், விளம்பரத்துக்கும் கட்டத்தானே வேண்டும்" என்று அப்பா நினைப்பது அவருடைய அனுபவத்தின்படி சரியான கணக்கு.

அதனால் நான் என்னிடம் வருபவர்களுக்கு அந்த அமெரிக்க விதியைச் சொல்வதில்லை. காசு கொடுக்கலாம், ஆனால் கையில் என்ன வரும் என்று எண்ணிச் சொல்லக்கூடியதற்கு மட்டும் கொடுங்கள் என்பேன். அச்சகத்துக்குக் கொடுத்தால் 300 பிரதி கட்டாக வந்து இறங்குகிறது. 290 இருந்தால் சண்டை பிடிக்கலாம். அட்டை வரைபவர் படம் தருகிறார். பிடிக்காவிட்டால் திருத்தக் கேட்கலாம். நெல் வெட்டும் மெஷினை வயலில் இறக்கமுன் ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்காமல் விடுவோமா? 185 டொலருக்கு என்ன வரும்? "கவனம்", "வெளிச்சம்", "உலக வாசகர்களின் பார்வை". ஒன்றையும் எண்ண முடியாது. வராவிட்டால் வரவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. "2,000 உறுப்பினர்களுக்கும் அனுப்பினோம், அவர்கள் வாங்கவில்லை, நாங்கள் என்ன செய்ய?" என்றால் கதை முடிந்தது.

சரி, அவர்கள் சொன்னபடியே நடந்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 185 டொலர் 55,500 ரூபா. அண்ணா மின்னூலுக்கு 2.99 டொலர் விலை வைத்திருக்கிறார். 70 சதவீத உரிமப் பங்கு கிடைக்கும் நாடுகளில் விற்றால் பிரதிக்கு ஏறத்தாழ 2 டொலர் வரும். மற்ற நாடுகளில் 35 சதவீதம்தான். போட்ட காசு திரும்பிவரவே 90 பிரதிக்கு மேல் விற்க வேண்டும். முன்பின் தெரியாத எழுத்தாளர் ஒருவரின் நினைவுக் குறிப்பு ஒரு மின்னஞ்சலில் 90 பிரதி விற்பது என்பது நடக்காத காரியம் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்த கடிதத்தில் "பத்து விமர்சனத்துக்கு இவ்வளவு" என்று ஒரு பட்டியல் வரும், வந்தால் அதைத் தொடவே வேண்டாம். காசு கொடுத்து விமர்சனம் போடுவதை அமேசன் தடைசெய்திருக்கிறது. கண்டுபிடித்தால் விமர்சனங்களை அழிக்கும், புத்தகத்தையும் கணக்கையும்கூட முடக்கலாம். அமெரிக்காவில் போலி விமர்சனங்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் எதிரான அரச விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முடங்கப்போவது அண்ணாவின் கணக்கு, அனுப்பியவனுக்கு ஒன்றும் ஆகாது. "அமேசன் பெஸ்ட்செல்லர் ஆக்கித் தருகிறோம்" என்பதும் இதற்குப் பக்கத்து வீடு. அமேசனில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பிரிவுகள் இருக்கின்றன, தரவரிசை அடிக்கடி மாறுகிறது. ஆளில்லாத ஒரு பிரிவில் ஒரு நாளில் சில பிரதி விற்றாலே சில மணி நேரம் முதலிடத்தில் நிற்கலாம். அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் காசு கேட்பார்கள்.

ஹொலிவூட் கதைக்கு வருவோம். இதற்குப் பெரிய அளவில் நடந்த உதாரணம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியாகோவில், பேஜ்டேர்னர் பிரெஸ் அண்ட் மீடியா என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய மூவர்மீது மோசடி வழக்குத் தொடரப்பட்ட செய்தி வெளியானது. 800க்கும் அதிகமான எழுத்தாளர்களிடம் 44 மில்லியன் டொலருக்கு மேல் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. பிலிப்பைன்ஸில் ஆட்களை வைத்துப் போன் எடுப்பது, பெரிய பதிப்பகமோ பட நிறுவனமோ உங்கள் நூலைக் கேட்கிறது என்பது, பிறகு அதற்கு முன் இந்தக் கட்டணம், அந்த வரி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கறப்பது. பாதிக்கப்பட்டவர்களில் வயதானவர்கள் பலர். உங்கள் அப்பாவுக்கு வந்த கடிதமும் அதே அச்சில் வார்த்தது: "திரைக்கதை வடிவம்" ஒன்று தயாரித்தால்தான் தயாரிப்பாளரிடம் கொடுக்கலாமாம், அதற்கு 600 டொலராம்.

படத் துறையில் உண்மையில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு நூல் பிடித்துப்போனால் தயாரிப்பாளர் எழுத்தாளருக்கு ஒரு தொகை கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் உரிமையை வாங்குவார். படம் எடுத்தால் மேலும் கொடுப்பார். திரைக்கதை எழுதுவிப்பது அவருடைய செலவு. "உங்களுக்கு இவ்வளவு உரிமப் பணம் சேர்ந்திருக்கிறது, விடுவிக்க வரி கட்டுங்கள்" என்று வந்தாலும் இதே பதில்தான். கொடுக்க வேண்டியவன் கழித்துக்கொண்டு கொடுப்பான், முதலில் உன் காசை அனுப்பு என்று கேட்கமாட்டான்.

பெரிய பதிப்பகத்தின் பெயர் கடிதத் தலைப்பில் இருந்தால், மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பிறகு வருவதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். பதிப்பகத்தின் பெயரோடு ஒரு சொல்லை ஒட்டியோ, ஓரெழுத்தை மாற்றியோ, நேரே ஜிமெயிலிலோ இருக்கும். "அமேசன் பப்ளிஷிங்" என்று சொல்லிக்கொண்டு காசு கேட்கும் கூட்டமும் அதிகம். கிண்டிலில் நூல் ஏற்றுவதற்கு அமேசன் ஒரு சதமும் வாங்குவதில்லை, அண்ணாவுக்கே அது தெரியும். இன்னொன்று: பின்னால் ஒரு பெரிய பெயர் இருந்துவிட்டால் எல்லாம் நேர்மை என்றும் இல்லை. எழுத்தாளரிடம் காசு வாங்கிப் பதிப்பிக்கும், விளம்பரப் பொதிகள் விற்கும் ஓதர் சொலுஷன்ஸ் நிறுவனத்தை பென்குயின் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான பியர்சன் 2012இல் 116 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அந்த நிறுவனத்தின்மேல் அதிருப்தியடைந்த எழுத்தாளர்கள் வழக்கும் போட்டார்கள். பென்குயின் ரான்டம் ஹவுஸ் என்று ஆன பதிப்பகம் பிறகு அதை விற்றுவிட்டது. எழுத்தாளரின் ஆசையில் இருக்கும் காசு எவ்வளவு என்பதற்கு அந்த 116 மில்லியனே போதும்.

இனி அந்த வட்ஸ்அப் விருது. எனக்கு இதில்தான் அதிகக் கோபம், ஏனென்றால் இது நம்முடைய மொழியிலேயே, "ஐயா" போட்டு வருகிறது. வடிவங்கள் பல. நூறு கவிஞர்களின் தொகுப்பு நூலில் உங்கள் கவிதை, கட்டணம் இவ்வளவு, பிரதி வேண்டுமானால் மேலும் இவ்வளவு. உலக சாதனைக் கவியரங்கம், கலந்துகொண்டவர் அனைவருக்கும் சாதனைச் சான்றிதழ். சமூக சேவைக்குக் கௌரவ டாக்டர் பட்டம், பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால் ஒரு வலைத்தளமும் ஒரு விடுதி மண்டபப் படமும். தொகுப்பு நூல் வித்தை தமிழருடையதும் அல்ல. அமெரிக்காவில் 1990களில் இன்டர்நேஷனல் லைப்ரரி ஒஃப் பொயட்ரி என்று ஒன்று, அனுப்பிய எல்லோரையும் "அரையிறுதிக்குத் தெரிவானவர்" என்று அறிவித்து, அவர்கள் கவிதை வந்த தடித்த தொகுப்பை அவர்களுக்கே விற்றுப் பிழைத்தது. வாங்கியவர்கள் யார் என்றால், உள்ளே கவிதை வந்தவர்களும் அவர்களின் அம்மாமாரும்.

நுழைவுக் கட்டணம் கேட்பதெல்லாம் ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். புலிட்சர் பரிசுக்கு நூல் அனுப்பவே 75 டொலர் கட்டணம் உண்டு. ஆனால் புலிட்சர்காரர் யாருக்கும் "நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள், கட்டணத்தை அனுப்புங்கள்" என்று எழுதுவதில்லை. முதலில் தெரிவு, பிறகு பில் என்று வந்தால் விலகுங்கள். நம்முடைய பக்கத்தில் அரச சாகித்திய விருதும், வடக்கு மாகாணத்தின் சிறந்த நூற்பரிசும் இருக்கின்றன. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும், விண்ணப்பத்தோடு நூற்பிரதிகளைக் கொடுக்க வேண்டும். ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைக் கேட்டால் இந்த ஆண்டுக்கான விபரம் சொல்வார். அப்பாவுக்கு விருது ஆசை இருந்தால் (இருக்கத்தானே செய்யும்) அதை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

இதே வட்ஸ்அப்காரர் அடுத்ததாக ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண்ணும் பதிப்புரிமைப் பதிவும் எடுத்துத் தருவதாகச் சொல்வார். ஐஎஸ்பிஎன் இலங்கையில் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கை எண். பதிப்புரிமைக்கு இங்கே பதிவே தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய கணத்திலிருந்தே உரிமை எழுதியவருடையது, அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். இல்லாத பதிவுக்குக் காசு கேட்பவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால்? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கேட்டுப் பாருங்கள், கோபப்படாமல். அட்டையால் கட்டியிருந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போய்க் கொடுப்பனவை மறுக்கும் விண்ணப்பம் கொடுக்கலாம். பிந்தப் பிந்த வாய்ப்புக் குறையும். தனிப்பட்ட ஒருவரின் பெயருக்குக் காசு அனுப்பியிருந்தால் மீட்பது மிகக் கடினம். அமேசன் கணக்கின் கடவுச்சொல்லையோ அடையாள அட்டைப் படத்தையோ கொடுத்திருந்தால் கடவுச்சொல்லை உடனே மாற்றி, வங்கிக் கணக்கு விபரம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று அண்ணாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இணைய மோசடிக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 தொலைபேசி இலக்கம் இருக்கிறது, பொலிசிலும் முறையிடலாம். கடிதங்களை அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு ஒரு மாதம் கழித்து "நீங்கள் இழந்த காசை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு சட்டத்தரணி எழுதுவார். பெரும்பாலும் அதே கூட்டம், அல்லது அவர்களிடம் பட்டியல் வாங்கிய கூட்டம்.

அப்பாவின் புத்தகத்தை யார்தான் வாசிப்பார்கள் என்பதுதான் உண்மையில் அவர் கேட்கும் கேள்வி. அதற்கு நியாயமான பதில் இருக்கிறது, இல்லாவிட்டால் அவர் மறுபடி அந்தக் கடிதத்துக்குத்தான் போவார். முத்தையன்கட்டிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பிறந்து இப்போது ஸ்காபரோவிலும் ஹரோவிலும் ஓஸ்லோவிலும் இருப்பவர்கள் வாசிப்பார்கள். தங்கள் தகப்பனின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடி வாசிப்பார்கள். அவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் அண்ணாவின் ஆங்கிலப் பதிப்பு. இவர்களைப் பிடிக்க அமெரிக்க வாசகர் வட்டம் தேவையில்லை. பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் காசு சேர்க்கும் அதே குழுக்கள்தான். அப்பா ஒரு அத்தியாயத்திலிருந்து ஒரு பந்தியை, ஒரு பழைய படத்தோடு, தமிழிலேயே போடட்டும். முதல் வகுப்பில் இருந்த 17 பிள்ளைகளின் பெயர் வரும் பக்கத்தைப் போட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காசு கொடுத்துத்தான் விளம்பரம் செய்ய வேண்டுமென்றால் பேஸ்புக்கில் அண்ணாவே நேரடியாகச் செய்யலாம். எந்த நகரம், எந்த மொழி, நாளுக்கு எவ்வளவு என்று தானே தீர்மானித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் பார்த்து, விரும்பிய நேரம் நிறுத்தலாம்.

மீதிப் பிரதிகளையும் கட்டிலுக்குக் கீழே வைக்க வேண்டாம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் வாங்கியவர்களின் உறையோடு அச்சுச் செலவு ஓரளவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே பலருக்கும் அப்படித்தான். இனி உள்ளவற்றை விற்றுத் தீர்க்கும் அவசரம் இல்லையென்றால், யாழ்ப்பாணப் பொது நூலகம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நூலகங்கள், சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுங்கள். வீரகேசரி, தினக்குரல், உதயன் வாரப் பதிப்புகளுக்கும், அல்வாயிலிருந்து வரும் ஜீவநதி சஞ்சிகைக்கும் மதிப்புரைக்கு அனுப்புங்கள். தபாற் செலவு மட்டும்தான். எல்லாம் மதிப்புரை போடுவார்கள் என்று சொல்லமாட்டேன், ஒன்று வந்தாலும் அது வாசித்த ஒருவர் எழுதியதாக இருக்கும்.

நூலகம் நிறுவனத்துக்குக் கட்டாயம் ஒரு பிரதி போக வேண்டும். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். இடப்பெயர்வில் வீட்டோடு புத்தகங்களையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அதன் பெறுமதியை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துமூலம் அனுமதி கொடுத்தால் போதும், எழுத்தாளரிடம் காசு கேட்பதில்லை. ஒரு விடயத்தை மட்டும் அண்ணாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: கிண்டிலில் ஏற்றியபோது கேடிபி செலெக்ட் திட்டத்தில் சேர்த்தாரா? சேர்த்திருந்தால் 90 நாள் தவணை முடியும்வரை அந்த ஆங்கில மின்பதிப்பை வேறெங்கும் மின்வடிவில் வைக்க முடியாது. தவணை தானாகவே புதுப்பிக்கப்படும், நிறுத்த வேண்டுமென்றால் அவர்தான் நிறுத்த வேண்டும். தமிழ் நூலைக் கிண்டிலில் ஏற்றாதபடியால் அதற்கு இந்தத் தடை இல்லை.

கடைசியாக, கட்டணத்தை 185இலிருந்து 90 ஆக இறக்கிவிட்டார்கள், நாளைக்குள் சொல்ல வேண்டும் என்று நீங்கள் அடிக்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். நாளை கழித்து 60 ஆகும், அவர்களுக்கு 60ம் இலாபம்தான். அப்பா மரியாதைக்காக மறுப்புக் கடிதம் எழுத நினைக்கிறார் போலும், ஆசிரியரல்லவா. எழுத வேண்டாம். பதில் போட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், படிக்கிறார் என்பது உறுதியாகும், மற்றக் கூட்டங்களுக்கும் பெயர் போகும். ஸ்பாம் என்று குறித்துத் தடுத்துவிடுங்கள். அமேசன் எழுத்தாளர் பக்கத்திலும் நூலின் கடைசிப் பக்கத்திலும் அப்பாவின் மின்னஞ்சல் இருந்தால் அதை எடுத்துவிட்டு, இதற்கென்று புதிதாக ஒரு முகவரி திறந்து, அதை அண்ணா பார்த்துக்கொள்ளும்படி செய்யுங்கள். உண்மையான வாசகர் யாராவது எழுதினால் அவர் அப்பாவுக்கு அனுப்பிவைக்கட்டும்.